ஏழு பேர், ஒரே மொழி

எங்க திருத்தணி டீக்கடையில் ஒருவர் தமிழில் டீ சொன்னால், பக்கத்தில் நிற்பவர் தெலுங்கில் சொல்வார். 1960 ஏப்ரல் 1 வரைக்கும் ஆந்திராவில் இருந்த ஊர். இங்கே ஒரு கொலை வழக்கு ஜூரி முன்னால் நடக்குதுன்னு வைத்துக்கொள்வோம். செத்தவர் தமிழர். குற்றம் சாட்டப்பட்டவர் தெலுங்கர். "ஜூரி எல்லாரும் தெலுங்குக்காரங்களா இருக்கணும்" என்று அவர் கேட்டால் கொடுக்கலாமா?

சட்டம் படிக்காத சாதாரண ஜனங்கள் உட்கார்ந்து கேட்டு, குற்றவாளியா இல்லையா என்று சொல்வதுதான் ஜூரி முறை. நம் நாட்டில் 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு அது போய்விட்டது. இருந்த காலத்திலும் பாரபட்சம் இருந்தது. 1826 சட்டப்படி சென்னை, கல்கத்தா, பம்பாயில் கிறிஸ்தவர்கள் இந்துவையும் முஸ்லிமையும் விசாரிக்கும் ஜூரியில் உட்காரலாம். கிறிஸ்தவர் மீதான வழக்கில் மற்றவர்களுக்கு இடமில்லை. ராம்மோகன் ராய் இதை எதிர்த்துப் போராடினார், 1832-ல் மாற்றினார்கள்.

இலங்கையில் ஜூரி இன்னும் இருக்கிறது. ஏழு பேர். சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மொழிவாரிப் பட்டியல். எது வேண்டும் என்று குற்றம் சாட்டப்பட்டவர் கேட்கலாம். வழக்கு புரியவேண்டும் இல்லையா, கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே மொழிப் பட்டியல் பெரும்பாலும் இனப் பட்டியலும்கூட.

தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு எம்.பி. நடராஜா ரவிராஜ் 2006 நவம்பர் 10 அன்று கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். சிங்கள மக்களிடம் சிங்களத்திலேயே பேசித் தமிழர் பக்கத்தைச் சொன்னவர் அவர். குற்றம் சாட்டப்பட்டவர்களில் கடற்படையினரும் இருந்தார்கள். அவர்கள் சிங்கள ஜூரி கேட்டார்கள். ரவிராஜ் குடும்பத் தரப்பு ஆட்சேபித்தும் அப்படியே நடந்தது. 2016 டிசம்பரில் எல்லோரும் விடுதலை.

தீர்ப்பு தப்புன்னு நான் சொல்ல வரவில்லை. சாட்சியம் போதாமலும் இருந்திருக்கலாம். ஆனால் அதை இழந்தவர்கள் எப்படி நம்புவார்கள்?

அமெரிக்காவில் 1986-ல் பேட்சன் வழக்கில், கறுப்பினத்தவர் என்பதற்காக ஜூரியிலிருந்து அரசுத் தரப்பு ஆளை நீக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அது குற்றம் சாட்டப்பட்டவருக்கான பாதுகாப்பு. செத்தவர் பக்கம் நிற்பவருக்கும் அதே பாதுகாப்பு வேண்டாமா?

மொழி புரியலைன்னா மொழிபெயர்ப்பாளரை வைக்கலாம். நம்பிக்கை போச்சுன்னா அதுக்கு யாரை வைப்பது?