உங்களுக்குத் தெரியுமா? எல்லைப் பங்க்கில் எந்தப் பெட்ரோல்?

களியக்காவிளை பங்க்குகளில் கேரளப் பதிவெண் வண்டிகள் வந்து நிற்பது பாறசாலைக்காரர்களுக்குப் புதிதல்ல. லிட்டருக்கு ஐந்து ரூபாய் மிச்சம் என்றால் யார்தான் வரமாட்டார்கள்? ஆனால் வந்து நிற்பது டர்போ வைத்த ஜெர்மன் கார் என்றால், விலையைப் பார்ப்பதற்கு முன்பு ரகத்தைப் பார்க்க வேண்டும்.

● எந்த ரகம் போடுவது என்று பங்க் ஊழியரைக் கேட்டுப் பயனில்லை. பெட்ரோல் மூடியின் உள்பக்க ஸ்டிக்கரிலும் காரோடு வந்த கையேட்டிலும் அது இருக்கிறது. சில கார்களில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று குறைந்தபட்சம், மற்றது பரிந்துரை. குறைந்தபட்சத்துக்குக் கீழே போவது இன்ஜினுக்கு ஆபத்து. பரிந்துரைத்த எண்ணுக்குக் கீழே போனால், விளம்பரத்தில் சொன்ன குதிரைசக்தி முழுதாகக் கிடைக்காது, அவ்வளவுதான்.

● ஆக்டேன் எண் கூடினால் பெட்ரோலின் சக்தி கூடும் என்பது நம் ஊரில் மிகப் பரவலான நம்பிக்கை. உண்மையில் அந்த எண் அளப்பது பெட்ரோலின் பொறுமையை. சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் அழுத்தப்படும்போது சூடேறுகிறது. ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ பரவி வருவதற்குள், மூலையில் மிச்சமிருக்கும் கலவை தானாகவே வெடித்துவிட்டால் அதுதான் 'நாக்கிங்'. உலோகத்தில் சுத்தியலால் தட்டுவது போன்ற சத்தம் கேட்கும். நாள்பட்டால் பிஸ்டன் போய்விடும். டர்போவும் உயர்ந்த அழுத்த விகிதமும் உள்ள இன்ஜின் கலவையை இன்னும் கடுமையாக நெருக்குகிறது. அதனால்தான் அதற்கு அவசரப்படாத பெட்ரோல் வேண்டும். சாதாரண குடும்பக் காருக்கு அந்த நெருக்கடியே இல்லை.

● ஆக்டேன் அளவுகோலில் 100 என்பது ஐசோ-ஆக்டேன், பூஜ்யம் என்பது ஹெப்டேன். 1926-இல் அமெரிக்க வேதியியலாளர் கிரகாம் எட்கர் வகுத்த முறை இது. அந்தக் காலத்தில் சுத்தமான ஹெப்டேனை எங்கிருந்து எடுத்தார்கள் தெரியுமா? கலிபோர்னியாவின் ஜெஃப்ரி பைன் மரத்துப் பிசினிலிருந்து!

● பங்க்கில் நாம் பார்க்கும் எண்ணைச் சோதித்துச் சொல்வது ஒற்றை சிலிண்டர் கொண்ட ஒரு சோதனை இன்ஜின். ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் அழுத்த விகிதத்தை மாற்றலாம். அது சுற்றும் வேகம் நிமிடத்துக்கு வெறும் 600 சுற்று. பல கார்கள் சும்மா நிற்கும்போதே இதைவிட வேகமாகச் சுற்றும்.

● எல்லையின் இருபுறமும் விலை ஏன் வேறுபடுகிறது? கச்சா எண்ணெய் ஒன்றுதான், மத்திய வரியும் ஒன்றுதான். மாநில வரி வேறு. கேரளம் 30.08 சதவீதம் விற்பனை வரி வாங்குகிறது. கூடவே லிட்டருக்கு ஒரு ரூபாய், ஒரு சதவீத செஸ், 2023 ஏப்ரல் 1 முதல் சமூகப் பாதுகாப்புக்கென்று இன்னும் இரண்டு ரூபாய். தமிழ்நாடு 13 சதவீதத்தோடு லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசு என்று நிலையான தொகை ஒன்றை வாங்குகிறது. 2021 ஆகஸ்டில் மூன்று ரூபாய் குறைத்த பிறகு வந்த கணக்கு இது.

சொகுசுக் கார்காரர்கள் கவனிக்காத ஒரு விஷயம் இதில் இருக்கிறது. சதவீத வரி விலையோடு சேர்ந்து ஏறும், நிலையான தொகை ஏறாது. வரிக்கு முந்திய விலை பத்து ரூபாய் கூடினால், கேரளத்தில் வரி மூன்று ரூபாய் கூடும். தமிழ்நாட்டில் ஒரு ரூபாய் முப்பது காசுதான். அடிப்படை விலையே நாற்பது ரூபாய் அதிகமுள்ள ஒரு உயர்ரகப் பெட்ரோல் என்று வைத்துக்கொண்டால், எல்லை வித்தியாசத்தோடு இன்னும் ஏழு ரூபாய் சேர்ந்துவிடும். ரகம் உயர உயர தமிழ்நாட்டுப் பக்கத்து லாபமும் உயரும்! ஆனால் 100 ஆக்டேன் கிராமத்துப் பங்க்குகளில் எளிதில் கிடைப்பதில்லை. அது பெரும்பாலும் பெருநகரச் சரக்கு.

● பாறசாலையிலிருந்து களியக்காவிளைக்கு எட்டிப் பார்க்கிற தூரம். நெய்யாற்றின்கரையிலிருந்து போய்வர சுமார் 25 கிலோமீட்டர் ஆகும். லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர் கொடுக்கிற கார் என்றால் அந்தப் பயணத்துக்கே மூன்று லிட்டர் தீரும். ஐம்பது லிட்டர் டேங்கை நிரப்பி மிச்சப்படுத்துவது சுமார் 250 ரூபாய். மீதிக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

● 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது வந்தது இந்த எல்லை. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட பட்டியலில் நெய்யாற்றின்கரையும் இருந்தது, கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் இந்த மலிவு விலை வரிசை இன்று பாலராமபுரத்துக்குப் பக்கத்தில் எங்கோ நின்றிருக்கும்.

● வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வருபவர்களுக்கு ரகம் மனப்பாடம். ஐக்கிய அரபு அமீரகத்தில் சூப்பர் என்றால் 98, ஸ்பெஷல் என்றால் 95, இ-பிளஸ் என்றால் 91. அங்கே 'சூப்பர்' போட்டுப் பழகிய காரை இங்கே கொண்டுவந்தால், 95 என்று எழுதிய பம்ப் ஒரு படி கீழே என்பதை மறக்கக் கூடாது.

● இணையத்தில் அமெரிக்கக் கையேட்டைப் படித்துவிட்டு "என் காருக்கு 91 போதும்" என்று சொல்பவரா நீங்கள்? அங்கே பம்ப்பில் எழுதுவது இரண்டு விதச் சோதனை எண்களின் சராசரி. அமெரிக்காவின் 91 ஏறக்குறைய நம் ஊர் 95, 96-க்குச் சமம். அங்கத்திய 87-தான் இங்கத்திய 91.

● இந்தியாவில் சாதா பெட்ரோல் ஒரு காலத்தில் 88. பிறகு 91. இருபது சதவீதம் எத்தனால் கலந்த பிறகு அது 95-ஐத் தொட்டுவிட்டது என்று 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகம் விளக்கம் கொடுத்தது. எத்தனாலின் சொந்த ஆக்டேன் எண் 108-க்கு மேல் என்பதால் இது சாத்தியம். ஆனால் லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு வெப்பம் குறைவு. பழைய கார்களில் இந்தக் கலவையால் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. எண் ஏறிவிட்டது, ஓட்டம் குறைந்துவிட்டது! ஆகவே பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர் ஆக்டேனோடு எத்தனால் வரம்பையும் ஸ்டிக்கரில் பார்க்க வேண்டும். ரப்பர் குழாய்களும் சீல்களும் எத்தனாலைத் தாங்கும்படி செய்யப்பட்டவையா என்பது வேறு கேள்வி. அதற்கு ஆக்டேன் எண்ணில் பதில் கிடைக்காது.

● இந்தியன் ஆயில் நிறுவனத்தின் எக்ஸ்பி 100 அறிமுகமானது 2020 டிசம்பர் 1-ஆம் தேதி. தயாரித்த இடம் மதுரா சுத்திகரிப்பு ஆலை. தொடக்கத்தில் பத்து நகரங்களில் மட்டுமே விற்றார்கள். அதற்கு முன்பே 2017-இல் இந்துஸ்தான் பெட்ரோலியம் 99 ஆக்டேன் ரகத்தைப் பெங்களூரில் இறக்கியிருந்தது.

● தேவையில்லாத காருக்கு உயர்ரகம் போட்டால் என்ன லாபம்? ஒன்றுமில்லை என்று அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2016-இல் சோதித்துச் சொன்னது. அப்படி வீணாக்கிய பணம் அந்நாட்டில் ஓராண்டில் 210 கோடி டாலர் என்று கணக்கும் கொடுத்தது. மறுஆண்டு, உயர்ரகம் 'பரிந்துரைக்கப்பட்ட' கார்களைச் சோதித்தார்கள். சராசரியாக மைலேஜில் 2.7 சதவீதமும் குதிரைசக்தியில் 1.4 சதவீதமும் கூடின. விலை வித்தியாசத்தோடு ஒப்பிட்டால் இது சொற்பம் என்பது என் கட்சி.

● இன்றைய கார்களில் இன்ஜின் பிளாக்கிலேயே நாக்கிங்கைக் கேட்கும் சென்சார் உண்டு. அதிர்வு தெரிந்தவுடன் கணினி ஸ்பார்க்கைக் கொஞ்சம் தாமதப்படுத்திவிடும். கார் தப்பித்துக்கொள்ளும், உங்கள் காலடியில் வேகம் மட்டும் குறையும். வெயிலில் உள்ளே போகிற காற்று சூடாக இருந்தால் நாக்கிங் வாய்ப்பு அதிகம். காற்றில் ஈரம் கூடினால் கொஞ்சம் குறையும். பூவாறு கடற்காற்று அந்த வகையில் இன்ஜினுக்கு நண்பன்தான். கழக்கூட்டம்–காரோடு புறவழிச்சாலையின் முக்கோலை–காரோடு பகுதி கேரளத்தின் முதல் கான்கிரீட் தேசிய நெடுஞ்சாலை. மதிய வெயிலில் அங்கே ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கிற நேரத்தில்தான் மலிவு ரகத்தின் குறை தெரியவரும். மிதிக்கச் சொல்லவில்லை, தெரியவரும் என்று சொல்கிறேன்!

● வளைகுடாவில் வேலை, வீட்டு ஷெட்டில் பூட்டிய கார். நெய்யாற்றின்கரைப் பக்கம் இது சாதாரணம். மாதக்கணக்கில் கிடக்கும் பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி முதலில் போய்விடும். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். மேலே நிற்கிற பெட்ரோலில் எத்தனால் இல்லாததால் அதன் ஆக்டேனும் இறங்கிவிடும். விலை கொடுத்து வாங்கிய 95 இப்படித்தான் ஷெட்டுக்குள்ளேயே காணாமல் போகிறது. இரண்டு மழைக்காலம் தாண்டிய காரை ஸ்டார்ட் செய்வதற்கு முன் டேங்கைக் காலி செய்யச் சொல்லுங்கள்.

● ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் முழுதாக நிறுத்தப்பட்டது 2000 பிப்ரவரி 1-ஆம் தேதி. நாக்கிங்கை அடக்கத்தான் 1920-களில் ஈயத்தைச் சேர்க்கத் தொடங்கினார்கள். உலகில் கடைசியாகக் கைவிட்ட நாடு அல்ஜீரியா, 2021-இல்.

● ஆக்டேன் பூஸ்டர் புட்டியில் "10 பாயின்ட் கூடும்" என்று போட்டிருந்தால் 91 உடனே 101 ஆகிவிடாது. அந்த வியாபாரத்தில் பத்து பாயின்ட் என்றால் பெரும்பாலும் ஒரே ஒரு ஆக்டேன். அதைவிட 95-ஐயும் 100-ஐயும் பாதிப் பாதி போடுவது மேல். ஏறக்குறைய நடுவில் உள்ள எண் கிடைத்துவிடும்.

● எல்லை தாண்டி வந்தவர், கேனிலும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பதுண்டு. 1934-ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டப்படி, விற்பனைக்கு அல்லாமல் உரிமமின்றி ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடியது மொத்தம் 30 லிட்டர்தான். பாத்திரத்துக்கும் விதி உண்டு: கண்ணாடி, பீங்கான் என்றால் ஒரு லிட்டருக்குள், உலோகம் என்றால் 25 லிட்டருக்குள், இறுக மூடியதாக இருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் தண்ணீர் பாட்டில் இல்லை.

● 98 கேட்கும் காருக்கு அவசரத்தில் சாதா போட்டுவிட்டால்? பதற வேண்டாம். முழுக்க மிதிக்காமல், உயர்ந்த கியரில் குறைந்த வேகத்தில் சுமையை இழுக்காமல் ஓட்டுங்கள். கால் டேங்க் இறங்கியதும் கிடைக்கிற உயர்ரகத்தை மேலே நிரப்பிக்கொள்ளுங்கள். தட்டுகிற சத்தம் நிற்காமல் கேட்டால் மட்டும் வண்டியை நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.