கம்பளி நெய்

அடர்ந்த உரோமமுடைய செம்மறி ஆடொன்று மழையில் நின்ற பின்னர், அதன் முதுகு மயிரை விரலால் விலக்கி நோக்குவோமாயின், மேற்புறம் நனைந்திருப்பினும் தோலையொட்டிய அடிமயிர் உலர்ந்திருத்தலைக் காண்போம். விலக்கிய விரல்களில் ஒருவகைப் பிசுபிசுப்பு ஒட்டிக்கொள்ளும். ஆட்டை மழையினின்று காத்தது அப்பிசுபிசுப்பே. அதற்குக் கம்பளி நெய் என்று பெயர். தூய்மை செய்யப்பெற்ற பின் அது லனோலின் எனப்படும். ஆட்டுக்குக் கவசமாய், ஆலைக்குத் தொல்லையாய், ஆற்றுக்கு நஞ்சாய், இறுதியில் மனிதருக்கு மருந்தாய் வந்த இப்பொருளின் வரலாற்றை ஈண்டு ஒருவாறு கூறப் புகுகின்றோம்.

ஆட்டின் தோலில் மயிர்க்கால்களை அடுத்துச் சிறு நெய்ச் சுரப்பிகள் உள்ளன. அவற்றினின்று கசியும் நெய் ஒவ்வொரு மயிரின்மேலும் மெல்லிய உறைபோற் படிகின்றது. மெரினோ முதலிய மெல்லுரோம ஆடுகளில் இது மிகுதி. பருமயிர் ஆடுகளிற் குறைவு. புதிதாய்க் கத்தரித்த உரோமத்தின் நிறையில் நூற்றுக்கு 5 முதல் 25 பங்கு வரை இந்நெய்யே ஆகும்.

நெய் என்று வழங்கினும் இஃது உண்மையில் மெழுகினத்தைச் சேர்ந்தது. நாம் உண்ணும் நெய்யிலும் எண்ணெயிலும் கொழுப்பமிலங்கள் கிளிசரினோடு கூடியிருக்கும். இதிலோ அவ்வமிலங்கள் கொலஸ்டிரால், லனோஸ்டிரால் முதலிய வேறு பொருள்களோடு கூடியுள்ளன. ஆதலின் இஃது எளிதிற் சிக்கு நாற்றம் கொள்வதில்லை. மற்றொரு வியப்பும் உண்டு. மயிரின்மேல் உறையாயிருந்து மழைநீரைத் தடுக்கும் இதே நெய், நீர் சேர்த்துப் பிசைந்தால் தன் நிறைக்கு ஏறத்தாழ இருமடங்கு நீரைத் தன்னுள் ஏற்றுக்கொள்கின்றது. மருந்துக் களிம்புகளுக்கு இது பெரிதும் உதவுதற்குக் காரணம் இக்குணமே.

பண்டையோர் இதனை அறியாதவரல்லர். கி. பி. முதல் நூற்றாண்டிலிருந்த கிரேக்க மருத்துவர் டயாஸ்கோரிடீஸ், கழுவாத உரோமத்தை வெந்நீரில் அலசிப் பிழிந்து நெய்யெடுக்கும் முறையை எழுதிவைத்தார். அதே நூற்றாண்டில் ரோமாபுரியிலிருந்த பிளினியும் இதன் மருத்துவப் பயன்களைக் குறித்தார். அந்நகரப் பெண்டிர் இதனை முகப்பூச்சாகவும் கொண்டனர். நாளடைவில் அவ்வழக்கம் ஒழிந்தது.

19-ஆம் நூற்றாண்டில், இங்கிலாந்தின் யார்க்ஷயரிலுள்ள பிராட்போர்டு நகரம் கம்பளித் தொழிலுக்குப் பேர்போனதாயிற்று. நெய் நீங்காத உரோமத்திற் சாயம் நன்கு பற்றாது. எனவே ஆலைகளில் சோப்பும் சோடாவும் கலந்த வெந்நீரில் அதனை அலசினர். நெய்யும் மணலும் சாணமும் வேர்வை உப்பும் கலந்த அக்கழுநீர் நகரின் சிற்றாற்றில் விடப்பட்டது. வீட்டுச் சாக்கடையும் பிற ஆலைக் கழிவுகளும் அதனோடு சேர்ந்தன. ஆலையின் ஆதாயம் சிலருக்கு. ஆற்றின் நாற்றமோ நகரார் அனைவருக்கும்! அச்சிற்றாற்று நீரால் நிரம்பிய கால்வாயின் துர்நாற்றம் பொறுக்கலாற்றாது வழக்கு எழுந்தது. நீதிமன்ற ஆணையின் பயனாக 1867-இல் கால்வாய் மூடப்பட்டது. சாக்கடை நீரைத் தூய்மை செய்ய முயன்றபோதும் நெய்யே வடிகட்டும் படுகைகளை அடைத்து இடையூறு விளைத்தது.

நகராட்சியார் 1906-இல் அருகிலிருந்த எஷோல்ட் என்னும் பெருநிலத்தை வாங்கி, அங்கே பெரியதொரு சுத்திகரிப்பு நிலையம் அமைத்தனர். அங்குக் கையாண்ட முறை இது: கழுநீரிற் கந்தகத் திராவகத்தைச் சேர்ப்பர். நெய்யைச் சிறு துளிகளாய் நீரிற் கலந்திருக்கச் செய்வது சோப்பு. திராவகம் அச்சோப்பைச் சிதைத்தவுடன், நெய் அழுக்கோடு கூடிச் சேறாய்ப் பிரியும். சேற்றைச் சூடாக்கித் துணியிட்ட அழுத்துபொறிகளிற் பிழிந்தால் நெய் வடியும். இங்ஙனம் கிடைத்த நெய்யை விற்ற பணம் சுத்திகரிப்புச் செலவின் ஒரு பகுதிக்கு ஈடாயிற்று. பாலினின்று ஏட்டைப் பிரிக்கும் பொறியை ஒத்த சுழற்பொறிகளைக் கொண்டு, கழுநீரினின்றே உயர்ந்த நெய்யைப் பிரிக்கும் முறை பின்னர் ஆலைகளிற் பரவிற்று.

இஃது இவ்வாறிருக்க, ஜெர்மனியில் 1882-லேயே பேராசிரியர் ஆஸ்கர் லீப்ரைக் என்பாரும் ஆட்டோ பிரௌன் என்பாரும் இந்நெய்யைத் தூய்மை செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றிருந்தனர். லத்தீன் மொழியில் 'லானா' என்பது உரோமம். 'ஓலியம்' என்பது எண்ணெய். இவ்விரண்டினின்றும் லனோலின் என்னும் பெயர் பிறந்தது. 1911-இல் ஹாம்பர்க் நகரில் வெளிவந்த நிவியா என்னும் முகப்பூச்சும், ஐசக் லிஃப்ஷூட்ஸ் கம்பளி நெய்யினின்று பிரித்தெடுத்த யூசெரிட் என்னும் பொருளை அடிப்படையாகக் கொண்டதே.

இனி இதன் பயன்களைக் காண்போம். வெடித்த உதட்டுக்கும் குதிகாலுக்கும், பாலூட்டும் தாய்மாரின் புண்பட்ட முலைக்காம்புக்கும் இது பூசப்படுகின்றது. தோலின் ஈரம் ஆவியாய்ப் போகாது இது தடுத்தலால் வெடிப்பு விரைந்து ஆறுகின்றது. தோற்பொருள்களை இது மென்மையாய் வைக்கும். இரும்புக் கருவிகளின்மேல் மெல்லெனத் தடவினால் துரு அணுகாது. கம்பளி ஆடையைக் கொதிநீரிலும் காரமான சோடாவிலும் துவைத்தலாகாது என்பதற்கும், அஃது எஞ்சிய நெய்யைப் போக்கி மயிரை வறளச் செய்யும் என்பது ஒரு காரணமாகும்.

இவையனைத்தினும் சிறந்த பயன் ஒன்று உண்டு. வெயில் காணாத குழந்தைகளுக்கு எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் என்னும் நோய் உண்டாகும். ஆலைப்புகை சூழ்ந்த நகரங்களில் ஒருகால் இது மலிந்திருந்தது. அதனைத் தடுப்பது வைட்டமின் டி. கம்பளி நெய்யினின்று எடுத்த கொலஸ்டிராலைச் சிறிது மாற்றி, அதன்மேல் புறஊதாக் கதிர்களைப் பாய்ச்சினால் வைட்டமின் டி3 உண்டாகின்றது. இக்காலத்தில் விற்கப்படும் டி3 மாத்திரைகளிற் பெரும்பாலானவற்றுக்கு மூலப்பொருள் இதுவே.

எனினும் எச்சரிக்கை ஒன்று வேண்டும். சிலருடைய தோலுக்கு இந்நெய் ஒவ்வாது. தடிப்பும் அரிப்பும் காணின் உடனே விட்டுவிடுதல் நலம். ஆட்டின் உண்ணிகளை ஒழிக்கப் பயன்படுத்தும் மருந்துகளின் எச்சம் இதிற் கலந்திருத்தல் கூடுமாதலால், மருந்துக்கெனத் தூய்மை செய்யப்பெற்றதையே உடம்பிற் பூசுதல் வேண்டும்.

ஆற்றில் விட்டபோது நகரத்தைக் கெடுத்த பொருளும், எடுத்து ஆய்ந்தபோது குழந்தையின் எலும்பைக் காத்த பொருளும் ஒன்றே. இயற்கையிற் கழிவென்று ஒன்றில்லை. இடமறியாது நாம் எறிந்த பொருளே உண்டு. நம் ஊர் ஆறுகளிற் கலக்கும் கழிவுகளைக் காணும்போதும் இவ்வுண்மையை நினைவிற் கொள்ளுதல் நம் கடமையாகும்.