கோபுரத்தில் கண்ணுக்குப் படாத குழாய்

1990 இல் யுத்தம் மீண்டும் மூண்டதோடு யாழ். குடாநாட்டின் தொலைபேசித் தொடர்புகள் அறுந்தன. வெளிநாட்டிலிருந்த பிள்ளையின் குரலைக் கேட்க வவுனியாவுக்கோ கொழும்புக்கோ போகவேண்டியிருந்ததை நம்மில் பலர் மறக்கவில்லை.

இன்று அந்தக் குரல் வரும் வழிகளில் ஒன்று நுண்ணலை. அது நேர்கோட்டில் செல்வது. குடாநாட்டில் மலையில்லை, பனைக்கு மேலாகக் கோபுரம் எழுப்பித்தான் அன்ரனா பொருத்தவேண்டும். வன்னியிலும் கொக்காவிலில் 1990 இல் அழிந்த ஒளிபரப்பு நிலையத்துக்குப் பதிலாக 2011 இல் 174 மீற்றர் கோபுரம் திறக்கப்பட்டது.

அன்ரனாவின் வட்டத் தட்டு எல்லோருக்கும் தெரியும். அதற்கு அலையைக் கொண்டுசெல்லும் அலைவழிகாட்டி தெரிவதில்லை. அது உள்ளே வெறுமையான உலோகக் குழாய். சாதாரண கேபிளில் இவ்வலை விரைவில் வலுவிழக்கும். குழாயில் இழப்புக் குறைவு. ஆனால் அளவு பிசகக்கூடாது. 10 கிகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் 3 சென்ரிமீற்றர். குழாயின் அகலம் அதில் பாதிக்குக் குறைந்தால் அலை உள்ளே போகாது. அதற்கான நியமக் குழாயின் உள்ளகலம் 22.86 மில்லிமீற்றர். குழாய் நசுங்கினால் அலையின் ஒரு பகுதி திரும்பிவிடும்.

கடற்காற்றின் ஈரமும் பகைதான். உள்ளே தேங்கும் நீர் அலையை உறிஞ்சும். உப்பு உலோகத்தை அரிக்கும். ஆகவே நீண்ட குழாய்களைக் காற்றுப் புகாமல் அடைத்து, உலர்ந்த காற்றைச் சிறு அழுத்தத்தில் நிரப்பிவைப்பர். இப்போது பல இடங்களில் கருவியையே தட்டின் பின்னால் பொருத்திக் குழாயைக் குறுக்கிவிடுகிறார்கள்.

கோபுரம் எழும்புவதோடு வேலை முடிவதில்லை. அந்தக் குழாய் நசுங்காமலும் நனையாமலும் இருந்தால்தான் குரல் வந்துசேரும்.