பல் கூசுவதும் கறைபடுவதும் ஏன்?

"பல் போனால் சொல் போச்சு" என்பது நம் முன்னோர் வாக்கு. ஆனால் பல் போவதற்கு முன்னரே அது நமக்குச் சில அறிவிப்புகளைத் தருகிறது. குளிர்ந்த நீர் பட்டவுடன் சுரீரெனக் கூசுவது ஓர் அறிவிப்பு. வெண்மை மாறிக் கறுத்தோ பழுத்தோ தோன்றுவது மற்றோர் அறிவிப்பு. இவ்விரண்டையும் ஒரே கோளாறெனக் கருதி, கரித்தூளாலும் உப்பாலும் பல்லை அழுத்தித் தேய்ப்போர் நம்மிடையே இன்றும் உளர். கறையைப் போக்கச் செய்யும் இம்முயற்சியே பல நேரங்களில் கூச்சத்தை வரவழைத்து விடுகிறது. அது எவ்வாறு என்பதை இங்கே ஆராய்வோம்.

பல்லின் பட்டை

பால்மரத்தின் பட்டையை அறியாதவர் நம்முள் இலர். அளவறிந்து சீவினால் பால் சுரக்கும். ஆழமாக வெட்டினால் மரம் காயமுறும். பல்லுக்கும் பட்டை போன்ற மேலுறை ஒன்று உண்டு. எனாமல் எனப்படும் பற்சிப்பியே அது. மனித உடலில் அதனினும் கடினமான பொருள் வேறில்லை. அதன் எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ 96 பங்கு தாதுப்பொருளாகும். அதன் கீழே தந்தினி என்னும் அடுக்கு உள்ளது. கண்ணுக்குப் புலப்படாத நுண்குழாய்கள் அதில் நிறைந்துள்ளன. எல்லாவற்றிற்கும் நடுவே நரம்பும் இரத்தக் குழாய்களும் கொண்ட பற்கூழ் அமைந்துள்ளது.

பற்சிப்பி தேய்ந்தாலும், ஈறு கீழிறங்கி வேர்ப்பகுதி வெளிப்பட்டாலும், அந்நுண்குழாய்களின் வாய் திறந்துகொள்கிறது. குளிர்ச்சியோ சூடோ படும்போது குழாயிலுள்ள நீர்மம் அசைகிறது. அவ்வசைவை நரம்பு உணர்கிறது. இதுவே பல் கூச்சம். வெட்டிய மரப்பட்டை சில ஆண்டுகளில் மீண்டும் வளரும். பற்சிப்பியில் உயிரணுக்கள் இல்லாமையால், தேய்ந்துபோன பகுதி மீண்டும் வளர்வதில்லை. இவ்வேறுபாட்டை நாம் மறத்தலாகாது.

கூச்சத்தின் காரணங்கள்

முதற்காரணம், முரட்டுத் தேய்ப்பு. கரி, மணல், செங்கற்பொடி ஆகியவை கறையோடு பற்சிப்பியையும் அராவி விடுகின்றன. இரண்டாவது, புளிப்பு. ரப்பர்ப் பாலை உறையச் செய்யும் அமிலத்தை நாம் அறிவோம். எலுமிச்சை, புளி, புட்டியில் அடைத்த இனிப்புப் பானங்கள் ஆகியவற்றிலும் அமிலம் உண்டு. வாயிலுள்ள கிருமிகளும் சர்க்கரையை உண்டு அமிலத்தை உண்டாக்குகின்றன. அமிலத்தால் பற்சிப்பி இளகியிருக்கும் வேளையில் பல் துலக்கினால் தேய்மானம் மிகும். ஆகவே, புளிப்பு உண்டபின் வாய் கொப்பளித்து, அரைமணி நேரம் பொறுத்துத் துலக்குதல் நன்று. ஈறு நோயும், சொத்தையும், உறக்கத்தில் பல்லைக் கடிக்கும் பழக்கமும் ஏனைய காரணங்களாகும்.

கறை இருவகை

பல்லின் மேலே படிவது புறக்கறை. வெற்றிலை பாக்கு, தேநீர், புகையிலை, இரும்புச் சத்து மருந்து ஆகியவற்றால் இது உண்டாகிறது. பல் மருத்துவர் உரிய கருவியால் இதனை அகற்றிவிட இயலும். பல்லின் உள்ளேயே தோன்றுவது அகக்கறை. இதனை எவ்வளவு தேய்த்தாலும் போக்க முடியாது. கீழே விழுந்து அடிபட்ட பல் ஒன்று மட்டும் சாம்பல் நிறமாக மாறினால், உள்ளே பற்கூழ் இறந்திருக்கக்கூடும். கருவுற்ற தாய்மார்களும் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளும் டெட்ராசைக்ளின் மருந்தை உட்கொண்டால், வளர்ந்து வரும் குழந்தையின் பற்களில் நிலையான கறை படியக்கூடும். மருத்துவரைக் கேளாமல் மாத்திரை வாங்கித் தருவது எத்துணைத் தீது என்பதற்கு இதுவே சான்று.

குடிநீரும் பல்லும்

ஃப்ளோரைடு என்னும் உப்பு அளவோடு இருந்தால் பற்சிப்பியை வலுப்படுத்தும். பல் உருவாகும் பருவத்தில் அளவு மிஞ்சினால் பல்லில் வெண்புள்ளியும் பழுப்புக் கறையும் தோன்றும். நம் முன்னோர் பலர் புறப்பட்டு வந்த பழைய சேலம் மாவட்டத்தின் பகுதியாயிருந்த தருமபுரி வட்டாரத்தில், நிலத்தடி நீரில் இவ்வுப்பு இயற்கையாகவே மிகுந்துள்ளது. இதனைத் தீர்க்கவே 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. மலேசியாவில் குடிநீரில் ஃப்ளோரைடு சேர்க்கும் திட்டத்தை நாடு முழுவதற்கும் விரிவாக்க 1972-இல் அமைச்சரவை இசைவளித்தது. 2005-இல் அதன் அளவு பத்து இலட்சத்திற்கு 0.7 பங்கிலிருந்து 0.5 பங்காகக் குறைக்கப்பட்டது. எனவே குழாய் நீரைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. சிறு குழந்தைகள் பற்பசையை விழுங்காமல் பார்த்துக்கொண்டாலே போதும். மூன்று வயதுக்குட்பட்டோருக்கு ஓர் அரிசியளவு பசையே போதுமானது.

கறைக்குப் பின்னால் மறைந்திருப்பது

பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவிலும் கிள்ளான் கடைத்தெருவிலும் வெற்றிலை பாக்கு எளிதில் கிடைக்கிறது. தாம்பூலம் நம் மங்கல வழக்கங்களுள் ஒன்று. ஆனால் நாள்தோறும் மெல்லும் பழக்கம் பல்லைச் சிவக்கச் செய்வதோடு நின்றுவிடுவதில்லை. பாக்கும் புகையிலையும் வாய்ப்புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை என உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு உறுதிப்படுத்தியுள்ளது. நம் நாட்டில் இந்நோய் இந்தியரிடையே மிகுதி என்பது வருந்தத்தக்க உண்மை. கன்னத்தின் உட்புறத்திலோ நாவிலோ வெண்மையான அல்லது சிவந்த திட்டு தோன்றினாலும், புண் இரண்டு வாரங்களாகியும் ஆறாதிருந்தாலும், உடனே பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். தொடக்கத்தில் வலியில்லை என்று வாளாவிருத்தல் கூடாது.

நாம் செய்ய வேண்டுவன

மென்மையான தூரிகையால், ஃப்ளோரைடு கலந்த பசை கொண்டு, காலையிலும் இரவு படுக்குமுன்னும் மெல்லத் துலக்குவோம். கூச்சத்திற்கென்றே விற்கப்படும் பற்பசை சில வாரங்களில் பயன் தரும். அதற்குப் பின்னும் கூச்சம் நீங்காவிடில் காரணம் வேறாகும். அப்பொழுது அரசாங்கப் பல் மருத்துவ நிலையத்தை நாடுவோம். பதிவு பெறாதவர்களிடம் பல்லை வெளுக்கச் செய்வது பணத்திற்கும் பல்லுக்கும் கேடாகும்.

வலி முற்றிய பின் பல்லைப் பிடுங்கிக்கொள்வதற்கென்றே மருத்துவரிடம் செல்லும் வழக்கம் நம்மை விட்டு அகல வேண்டும். கூச்சம் தோன்றிய அன்றே காரணத்தைக் கேட்டறிந்தால், பல பற்களைக் காக்கலாம். சில வேளைகளில் உயிரையே காக்கலாம்.