மெல்லடிக் காலணி யாருக்கு, எந்தத் தரைக்கு?

ஆயக்குடிப் பக்கத்துக் கொய்யாத் தோட்டக்காரர் ஒருவர், ஐம்பதைக் கடந்தவர், பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மருந்து உட்கொள்பவர், ஒரு காலைப்பொழுதில் தம் மனைவியுடன் எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வந்தார். நடந்தே வந்தார், நொண்டவில்லை, வலி என்று எதையும் சொல்லவுமில்லை. காலுறையைத் துவைக்கும்போது அதன் அடியில் இருந்த கறையைக் கண்டு அவரை வற்புறுத்தி அழைத்து வந்தவர் மனைவிதான். வலக்கால் பெருவிரலுக்குக் கீழே, முன்பாதம் தரையில் ஊன்றும் இடத்தில், சிறு துளை ஒன்று இருந்தது. அதிலிருந்து நாங்கள் எடுத்தது சீமைக்கருவேல முள்ளின் முனை. எத்தனை நாளாக அது உள்ளே இருந்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

கோவையில் பணிபுரியும் மகன் வாங்கித் தந்த ஓட்டக் காலணியை அணிந்துதான் அவர் நாள்தோறும் வாய்க்கால் கரையில் நடந்திருக்கிறார். அதைக் கையில் வாங்கிப் பார்த்தோம். பாயைப் போல் சுருட்டிவிடலாம். அத்தனை மெல்லிய அடி. மகனும் அதே வகைக் காலணியுடன் கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் ஈராண்டாக ஓடுகிறார். அவருக்கு ஒரு குறையும் இல்லை. முன்பிருந்த முழங்கால் வலிகூடக் குறைந்திருக்கிறதாம். தமக்கு நன்மை செய்ததைத் தந்தைக்கும் வாங்கித் தந்தார். மகனுக்கு உதவிய காலணி தந்தையை ஏன் கைவிட்டது என்பதை விளக்கவே, அவர்களின் இசைவுடன் இக்கட்டுரையை எழுதுகிறோம்.

கடைகளில் ‘மினிமலிஸ்ட் ஷூ’ என்றும் ‘பேர்ஃபுட் ஷூ’ என்றும் விற்கப்படும் இவற்றை மெல்லடிக் காலணி என்று அழைப்போம். 2015-இல் 11 நாடுகளைச் சேர்ந்த 42 வல்லுநர்கள் கருத்தொருமித்து இதற்கு ஓர் அளவுகோல் வகுத்தனர். காலணியின் எடை, அடியின் தடிமன், குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உள்ள உயர வேறுபாடு, வளைந்து கொடுக்கும் தன்மை, பாதம் சாயாமல் தடுக்கும் கூடுதல் அமைப்புகள் ஆகிய ஐந்தையும் மதிப்பிட்டு, நூற்றுக்கு இத்தனை என்று எண் தருவது அது. எண் உயர உயரக் காலணி வெறுங்காலை நெருங்குகிறது. வழக்கமான ஓட்டக் காலணியில் குதிகால் முன்பாதத்தைவிட ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் உயர்ந்திருக்கும். மெல்லடிக் காலணியில் இரண்டும் ஏறக்குறைய ஒரே மட்டம். விரல்கள் விரிய முன்புறம் அகலமாக இருக்கும்.

இது புதுமையே அன்று. பள்ளி நாட்களில் விளையாட்டு வகுப்புக்கு வெள்ளை பூசி அணிந்த கேன்வாஸ் காலணியும் தட்டையானது, மெல்லியது. மெத்தை என்று சொல்ல அதில் எதுவும் இருந்ததில்லை. ஹவாய்ச் செருப்பும் தட்டைதானே என்று சிலர் கேட்பதுண்டு. அது குதிகாலைப் பிடித்து நிறுத்தாததால், நழுவாமலிருக்க விரல்கள் அதை ஓயாமல் கவ்விக்கொண்டே இருக்க வேண்டும். வாசலுக்குப் போய்வரப் போதும், ஓடுவதற்கு ஆகாது.

1960-இல் ரோம் ஒலிம்பிக் மராத்தானில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலுடன் ஓடித் தங்கம் வென்றார். வெறுங்கால் ஓட்டத்தைப் போற்றுவோர் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. அவரே 1964-இல் டோக்கியோவில் காலணி அணிந்து ஓடி, முன்னிலும் விரைவாக முடித்து மீண்டும் வென்றதைச் சொல்வோர் குறைவு. 2010-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டேனியல் லீபர்மன் குழுவினர், வெறுங்காலுடன் ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தை முதலில் ஊன்றுவதையும், அப்போது தரையிலிருந்து எழும் மோதல் விசை குறைவாக இருப்பதையும் வெளியிட்டனர். அதையொட்டி மெல்லடிக் காலணிகளின் விற்பனை உலகெங்கும் பெருகியது. விரல்களுக்குத் தனித்தனி உறை கொண்ட ‘ஃபைவ்ஃபிங்கர்ஸ்’ காலணியைச் செய்த விப்ரம் நிறுவனம், காலுக்கு வலுவூட்டும், காயத்தைக் குறைக்கும் என்று விளம்பரம் செய்தது. அதற்குச் சான்று இல்லை என்று அமெரிக்காவில் வழக்கு வந்தது. 2014-இல் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலேயே 37.5 லட்சம் டாலருக்கு நிறுவனம் சமரசம் செய்துகொண்டது.

இடையில், 2013-இல் வெளியான ஓர் ஆய்வை எங்கள் துறையில் அடிக்கடி நினைவுகூர்வோம். அனுபவமுள்ள ஓட்டக்காரர்கள் 36 பேரில் ஒரு பகுதியினரைப் பத்து வாரங்களில் படிப்படியாக அவ்வகைக் காலணிக்கு மாறச் செய்து, முன்னும் பின்னும் எம்.ஆர்.ஐ. எடுத்தனர். மாறிய 19 பேரில் 10 பேருக்குப் பாத எலும்புகளுக்குள் வீக்கம் கூடியிருந்தது. காரணம் எளிது. மெத்தையையும் உயர்ந்த குதிகாலையும் எடுத்துவிட்டால் முழங்காலின் சுமை குறையும். குறைந்த சுமை எங்கும் போய்விடாது. கெண்டைக்கால் தசையும் குதிகால் நாணும் முன்பாதத்து நீள் எலும்புகளும் அதைத் தாங்க வேண்டும். தசை சில வாரங்களில் பழகிக்கொள்ளும். எலும்புக்கும் நாணுக்கும் பல மாதங்கள் வேண்டும்.

இந்த அவசரத்தின் விளைவை இளைஞர்களிடம் காண்கிறோம். அரசுப் பணித் தேர்வுகளுக்கான இலவசப் பயிற்சிக்குப் பெயர்பெற்ற ஊர் ஆயக்குடி. காவலர் தேர்வின் உடற்திறன் கட்டத்தில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடங்களுக்குள் ஓடிக் கடக்க வேண்டும். தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, எடை குறைந்தால் வேகம் கூடும் என்று எண்ணி மெல்லிய காலணிக்கு மாறி, மறுநாளே முழுத் தூரமும் ஓடுகிறார்கள். மூன்றாம் வாரத்தில் மேற்பாதத்தில் வலி எடுக்கிறது. விரல் நுனியால் ஓரிடத்தில் அழுத்தும்போது சுருக்கென்றால் அது எலும்பில் மயிரிழை முறிவாக இருக்கலாம். முதல் இரண்டு வாரங்களில் எக்ஸ்ரேயில் அது தெரியாமலே போகலாம். படம் சரியாக இருக்கிறது என்று மீண்டும் ஓடித் தேர்வையே இழப்பவர்கள் உண்டு. தேர்வுக்கு மூன்று மாதத்துக்குள் காலணி வகையை மாற்றாதீர்கள் என்பது எங்கள் அறிவுரை. காலம் இருப்பவர்கள் முதல் இரு வாரம் அதை அணிந்து நடக்க மட்டும் செய்யலாம். பிறகு பழைய காலணியில் ஓடி முடித்ததும் கடைசி ஐந்து நிமிடங்களுக்கு மட்டும் புதியதற்கு மாறலாம். மறுநாள் காலை படுக்கையிலிருந்து இறங்கும்போது குதிகாலோ கெண்டைக்காலோ இழுத்துப் பிடித்தால், அந்த வாரம் கூட்ட வேண்டாம்.

இனி, தரையைப் பற்றி. திண்டுக்கல்–பழனி நெடுஞ்சாலை எங்கும் ஒரே கடினம். ஆனால் சமதளம், குத்தும் பொருள் குறைவு. இங்கே காலணியின் அடியில் ஆழமான பற்கள் தேவையில்லை. மெரல் நிறுவனத்தின் வேப்பர் குளோவ், விவோபேர்ஃபுட்டின் பிரைமஸ் லைட் போன்றவை சாலைக்கும் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் ஏற்றவை. ஒவ்வோர் அடியும் ஒரே விதமாக விழுவதால், ஒரே எலும்பின் ஒரே இடம் ஆயிரக்கணக்கான முறை அடி வாங்குகிறது. சாலையின் இடர் அதுதான். மண்பாதையில் ஒவ்வோர் அடியும் வேறுவிதமாக விழும், சுமை பகிரப்படும். ஆகவே பாதம் நலமாக உள்ள ஒருவர் மெல்லடிக் காலணிக்குப் பழக, முள்ளற்ற இறுகிய மண்தரையே சிறந்தது என்போம். மழைக்குப் பிந்தைய வரப்பிலும் மலைச்சரிவிலும் சாலைக் காலணி வழுக்கும். அதற்கென அடியில் பற்கள் கொண்ட மெரல் டிரெயில் குளோவ், பிரைமஸ் டிரெயில் போன்றவை வருகின்றன. ஆல்ட்ராவின் லோன் பீக் காலணியையும் பலர் இதே இனத்தில் சேர்க்கிறார்கள். குதிகாலும் முன்பாதமும் அதில் ஒரே மட்டம் என்பது உண்மை. அடியின் தடிமனோ ஏறத்தாழ 25 மில்லிமீட்டர். தட்டையானது எல்லாம் மெல்லியது ஆகாது. கல்லும் கட்டியுமான பாதையில் நடக்கும் நடுவயதினருக்கு, மெலிந்ததைவிட இவ்வகையே பொருந்தும் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

ஆனால் இக்காலணிகளை வடிவமைத்தவர்கள் நினைத்த காட்டுப்பாதை வேறு, நம் ஊர்ப்பாதை வேறு. அவர்கள் எண்ணியது வேரும் சரளைக் கல்லும். நம் வாய்க்கால் கரையில் இருப்பவை நெருஞ்சியும் கருவேலமும். ஆறு மில்லிமீட்டர் ரப்பரைக் காய்ந்த கருவேல முள் எளிதில் துளைக்கும். கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம்: காலணிக்குள் ஒரு கையை நுழைத்து, மறு கையால் பேனா முனையை அடியில் அழுத்திப் பாருங்கள். முனை உள்கையில் தெளிவாகக் குத்தினால், அந்தக் காலணி வரப்புக்கு உரியதன்று.

முள் குத்துவது நமக்குப் பழகிப்போன ஒன்று; அதனாலேயே அலட்சியம். முள் எக்ஸ்ரேயில் தெரியாது. ஸ்கேன் செய்துதான் பார்க்க வேண்டியிருக்கும். வியர்வை ஊறிய காலணியின் வழியே குத்தும்போது, அதன் ரப்பரில் தங்கிய சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியா எலும்புவரை செல்லக்கூடும். மெதுவாக வரும் இன்னொரு நோய்க்கு நம் மண்ணின் பெயரே வாய்த்திருக்கிறது. முள் குத்திய இடத்தில் மண்ணிலுள்ள பூஞ்சையோ பாக்டீரியாவோ புகுந்து, வலியில்லாத கட்டியாகத் தொடங்கி, ஆண்டுக்கணக்கில் வளர்ந்து, துளைகளின் வழியே குருணை போல் சீழ் வடியும் நோயை 1842-இல் மதுரையில் பணியாற்றிய ஜான் கில் என்னும் மருத்துவர் பதிவு செய்தார். ‘மதுரா பாதம்’ என்று உலக மருத்துவ நூல்கள் இன்றும் அதை அழைக்கின்றன. திண்டுக்கல் அப்போது மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தது. 1985-இல்தான் தனி மாவட்டமாயிற்று. ஆகவே முள்ளை எடுத்த பிறகும் வீக்கம் தணியாவிட்டால் காட்டுங்கள். தடுப்பூசி போட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தால் டெட்டனஸ் ஊசியையும் கேளுங்கள்.

தோட்டக்காரரிடம் திரும்புவோம். மெல்லடிக் காலணியின் தத்துவமே, தரையை உள்ளங்கால் உணரும், உணர்ந்து தன்னைக் காத்துக்கொள்ளும் என்பதுதான். கல் உறுத்தினால் நாம் அறியாமலே எடையை மாற்றுகிறோம். முள் குத்தினால் காலை எடுக்கிறோம். நீண்ட நாள் சர்க்கரை நோயில் பாத நரம்புகள் பழுதடைந்தால் அந்தக் காவல் இல்லாமல் போகிறது. மகனின் காலில் விழித்திருந்த காவலாளி தந்தையின் காலில் உறங்கிவிட்டார்.

இதை உலகுக்கு உணர்த்தியதில் தமிழ்நாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. கொல்லிமலையில் பிறந்து, 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்ற அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் விரல்கள் தாமாக அழுகி உதிர்வதில்லை, உணர்விழந்த இடத்தில் அறியாமல் நேரும் காயங்களாலேயே அழிகின்றன என்று கண்டார். அந்த அறிவின் பயனாகப் பரவியதே எம்.சி.ஆர். செருப்பு. உள்ளே மெத்தென்ற நுண்துளை ரப்பர், கீழே முள் ஏறாத கடின ரப்பர், குதிகாலைப் பிடிக்கப் பின்வார், ஆணி அடிப்பதில்லை. மெல்லடிக் காலணிக்கு நேர் எதிரான இச்செருப்பே இன்று சர்க்கரை நோயாளர் பலரைக் காக்கிறது.

உணர்வு குறைந்திருக்கிறதா என்பதை வீட்டிலேயே அறியலாம். இதை உடனிருந்து கவனிப்போர் செய்ய வேண்டும். நோயாளரைக் கண்களை மூடச் சொல்லுங்கள். உங்கள் சுட்டுவிரல் நுனியால் அவருடைய இரு பாதங்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை ஒவ்வொன்றாக, ஓரிரு நொடி மெல்லத் தொடுங்கள். அழுத்தவோ தட்டவோ வருடவோ வேண்டாம். தொடும்போதெல்லாம் எந்தக் கால் என்று அவர் சொல்லட்டும். ஆறு தொடுதல்களில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால், மெல்லடிக் காலணியும் வெறுங்கால் நடையும் அவருக்கு ஆகா. அந்த வாரத்திலேயே பாதப் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள்.

பாதயாத்திரையைப் பற்றி எங்களிடம் கேட்காதவர் இல்லை. தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் ஒட்டன்சத்திரம் வழியாக வரும் கூட்டம் நம் ஊரைத் தாண்டித்தான் பழனியை அடைகிறது. வெறுங்காலுடன் நடப்பது நேர்த்திக்கடன். அதில் மருத்துவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று நாங்கள் கருதவில்லை. உணர்வுள்ள கால் கொப்புளத்துடன் தப்பிவிடும். பங்குனி வெயிலில் நண்பகல் தார்ச்சாலையின் வெப்பம் 60 பாகையைத் தாண்டக்கூடும். உணர்விழந்த பாதம் அதில் வெந்தாலும் அறியாது. அத்தகையோர் எம்.சி.ஆர். செருப்புடன் நடந்து, மலையடிவாரத்தில் அதைக் கழற்றி, வெயில் ஏறுமுன் படியேறலாம். முருகனுக்கு அது குறைவாகத் தோன்றும் என்று நாங்கள் நம்பவில்லை.

தோட்டக்காரருக்கு நல்லூழ். எலும்பில் தொற்று ஏறவில்லை. பத்து வாரங்கள் காலை ஊன்றாமல், பிள்ளையைப் போல் பொறுமை இழந்து, ஆனால் சொன்னபடி கேட்டுப் புண்ணை ஆற்றிக்கொண்டார். தைப்பூச நடையை அவ்வாண்டு விட்டுவிட்டார். ஊர்க்காரர்களுக்கு வாசலில் நீர்மோர் கொடுத்தாராம். இப்போது நடப்பது எம்.சி.ஆர். செருப்பில், விடிந்து வெளிச்சம் வந்த பிறகு. இரவு உணவுக்குப் பின் மனைவி அவருடைய இரு பாதங்களையும் கைப்பேசி விளக்கில் பார்க்கிறார். மகன் வாங்கித் தந்த காலணியை அவர்கள் எறியவில்லை; மருமகளுக்கு அளவு சரியாக இருந்ததாம்.