காலையில் காமிரா... ஒன்பது மணிக்குச் சாக்பீஸ்!

"பொம்பளைப் பிள்ளைக்கு டீச்சர் வேலை மாதிரி உண்டா? சனி, ஞாயிறு லீவு. அஞ்சு மணிக்கெல்லாம் வீடு!" - இப்படிச் சொல்லாத குடும்பம் நம் ஊரில் உண்டா? பெண் பிளஸ் டூ முடித்த கையோடு அத்தை, சித்தி, பக்கத்து வீட்டு மாமி எல்லோருமாகச் சேர்ந்து பி.எட். வரைக்கும் கணக்குப் போட்டுவிடுவார்கள். அந்தப் பெண் மனசுக்குள் வேறு ஏதாவது ஆசை வைத்திருக்கிறாளா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

தஞ்சாவூரில் எங்கள் வீட்டு மாடிப் போர்ஷனில் அப்படி ஒரு பெண் இருக்கிறாள். வயது 23. பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்துவிட்டு, பி.எட். இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். டீச்சராகவும் ஆசை, போட்டோகிராபராகவும் ஆசை. "ரெண்டுல எதும்மா முதல்ல?" என்று கேட்டால், "ரெண்டும்தான் அத்தை!" என்று சிரிப்பாள். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. ("வரன் பார்க்கிற நேரமாச்சே" என்பது அவள் அம்மாவின் கவலை.)

விடிகாலை ஐந்தரைக்கே மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்கும். தோளில் காமிராப் பையோடு புது ஆற்றங்கரைக்குக் கிளம்பிவிடுவாள். பால்காரர், கோலம் போடுகிறவர்கள், குளிக்க வருகிற தாத்தாக்கள் எல்லோருக்கும் இப்போது அவளைத் தெரியும். "அந்த நேரம்தான் ஏன்?" என்று நான் கேட்டதற்கு அழகாக விளக்கினாள். சூரியன் தாழ்வாக இருக்கும்போது வெளிச்சம் நிறையக் காற்றைக் கடந்து வருகிறது. நீல நிறம் வழியிலேயே சிதறிப்போய், மஞ்சளும் சிவப்பும்தான் நம்மிடம் வந்து சேர்கிறது. முகத்தில் அது மிருதுவாக விழுகிறது. வெயில் ஏற ஏற கண்ணுக்கடியில், மூக்குக்கடியில் கறுப்பு கறுப்பாக நிழல் விழ ஆரம்பித்துவிடும். கல்யாண வீட்டு வாசலில் உச்சி வெயிலில் நிற்க வைத்து எடுத்த போட்டோவில் நாமெல்லாம் கோபக்காரிகள் போல இருப்பது ஏன் என்று எனக்கு அன்றுதான் புரிந்தது!

ஆறே முக்காலுக்குத் திரும்பி வந்து, காபி குடித்து, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, யூனிபார்ம் புடவையைக் கட்டிக்கொண்டு ஏழரை டவுன் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். 2021-ல் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் வேண்டாம் என்று ஆனதே, அதில் மிச்சமான காசைச் சேர்த்துத்தான் முதல் மெமரி கார்டு வாங்கினாளாம்.

நம் காலத்தில் பி.எட். ஒரு வருஷம். 2015-ல் அதை இரண்டு வருஷம் ஆக்கினார்கள். இரண்டாம் ஆண்டில் 16 வாரம் பள்ளிக்கூடத்துக்கே போய்ப் பாடம் நடத்த வேண்டும். நடத்துவது நாற்பது நிமிஷம்தான். அதற்கு முதல் நாள் ராத்திரி படுகிற பாடு இருக்கிறதே! பாடக்குறிப்பு எழுத வேண்டும், சார்ட் வரைய வேண்டும், படம் வெட்டி ஒட்ட வேண்டும். வழிகாட்டி ஆசிரியையிடம் கையெழுத்து வாங்க வேண்டும். சக மாணவியின் வகுப்பில் உட்கார்ந்து குறிப்பு எடுக்க வேண்டும். இதெல்லாம் முடிந்து டிகிரி வாங்கினாலும் தகுதித் தேர்வு காத்திருக்கிறது: 150 கேள்வி, 150 மார்க். "லீவு நிறைய" என்கிறவர்கள் ஒரே ஒரு ராத்திரி அவள் அறையை எட்டிப் பார்த்தால் போதும். தரையெல்லாம் கலர் பேப்பர், பசை, ஸ்கெட்ச் பேனா. நடுவில் எண்ணெய் வழிகிற தலையோடு அவள்.

முதல் வருஷத்தில் நுண்ணிலைக் கற்பித்தல் என்று ஒன்று உண்டு. 1963 வாக்கில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆரம்பித்த முறை. கூடப் படிக்கிற பெண்களே மாணவிகளாக உட்காருவார்கள். ஆறே நிமிஷம் பாடம். அதில் ஒரே ஒரு திறமையைத்தான் பழக வேண்டும். கேள்வி கேட்பதென்றால் அது மட்டும், கரும்பலகையில் எழுதுவதென்றால் அது மட்டும். பிறகு ஆறு நிமிஷம் மற்றவர்கள் குறை சொல்வார்கள். திருத்திக்கொண்டு மறுபடி நடத்த வேண்டும். இவளுக்கு முதல் நாள் வந்த குறை என்ன தெரியுமா? "நீ முதல் பெஞ்சைத் தவிர யாரையும் பார்க்கவே இல்லை!"

"காமிரா கையில இருந்தா மூலையில நிக்கிறவங்கதான் அத்தை முதல்ல கண்ல படுவாங்க. பாடம் நடத்தறப்போ மட்டும் எங்க போச்சு அந்தக் கண்ணு?" என்று அவளே கேட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து வகுப்புக்குள் நுழைந்ததும் கடைசி பெஞ்சிலிருந்து ஆரம்பித்து ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் சாக்பீஸை எடுக்கிறாள்.

பயிற்சிக்குப் போவது பக்கத்துக் கிராமத்து அரசு நடுநிலைப் பள்ளி. ஏழாம் வகுப்புக்கு ஒளியியல் பாடம். சார்ட் மாட்டி ஒப்பேற்றியிருக்கலாம். இவள் செருப்புக் கடை அட்டைப் பெட்டியில் ஊசித்துளைக் காமிரா செய்துகொண்டு போனாள். நீங்களும் லீவு நாளில் பிள்ளைகளோடு செய்யலாம், செலவே இல்லை. பெட்டியின் ஒரு பக்கத்தில் சின்னச் சதுரம் வெட்டி, அதன் மேல் அலுமினியத் தாள் ஒட்டி, நடுவில் ஊசியால் ஒரே ஒரு துளை. எதிர்ப்பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டு, எண்ணெய் தடவிய வெள்ளைத் தாள் ஒட்ட வேண்டும். மூடியின் இடுக்கில் வெளிச்சம் புகாமல் டேப் ஒட்டிவிடுங்கள். துளையை வெயிலில் இருக்கிற மரத்தின் பக்கம் திருப்பி, தலையையும் எண்ணெய்த் தாள் பக்கத்தையும் கறுப்புத் துணியால் மூடிக்கொண்டு பார்த்தால், தாளில் மரம் தெரியும். சூரியனைப் பார்த்து மட்டும் பிடிக்க வேண்டாம். "டீச்சர்! தென்னை மரம் தலைகீழா நிக்குது!" என்று ஒரு பையன் கத்த, முப்பது பிள்ளைகளும் துணிக்குள் தலையை விட முண்டியடித்தார்களாம். ஒளி நேர்கோட்டில்தான் போகும், அதனால்தான் மேலிருப்பது கீழாகவும் கீழிருப்பது மேலாகவும் விழுகிறது என்று அதற்கப்புறம் சொல்லிக்கொடுக்க இரண்டு நிமிஷம் கூட ஆகவில்லை.

நிஜக் காமிரா எப்படி வந்தது? இரண்டு வருஷம் வீட்டில் டியூஷன் எடுத்துச் சேர்த்த பணத்தில் செகண்ட் ஹாண்டாக வாங்கியது. மழைக்காலத்தில் அதை அவள் பாதுகாக்கிற அழகைப் பார்க்க வேண்டும்! ஈரம் பட்டால் லென்சுக்குள் பூஞ்சை பிடித்துவிடும். அதனால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு வைக்கிறாள். அரிசி டப்பாவில் வைக்கலாமே என்றேன். "ஐயோ அத்தை, மாவுத்தூள் உள்ள போயிடும்!" என்று பதறினாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சில சமயம் வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு, குழந்தைக்குப் பெயர் வைக்கிற விசேஷம் என்று கூப்பிடுகிறார்கள். இந்த வீடுகளில் பெண் போட்டோ எடுக்க வந்தால் எல்லோருக்கும் ஒரு நிம்மதி. பிள்ளை பெற்றவளும் வயதுக்கு வந்த பெண்ணும் கூச்சப்படாமல் இருக்கலாம் அல்லவா? நமக்கும் அவள் சொன்ன சில விஷயங்கள் உபயோகப்படும். குழந்தையை ஜன்னலோரம் உட்கார வையுங்கள், டியூப்லைட்டுக்கு அடியில் வேண்டாம். நீங்களும் தரையில் உட்கார்ந்து அதன் கண் மட்டத்திலிருந்து எடுங்கள். "சிரி, சிரி" என்று உயிரை வாங்காதீர்கள். இன்னொன்றும் சொன்னாள். போன் நிறையக் குழந்தை படம் வைத்திருக்கிற வீடுகளில், குழந்தையோடு அம்மா இருக்கிற படம் தேடினால் ஒன்றோ இரண்டோதான் கிடைக்கிறதாம். எடுக்கிறவள் அம்மாவாகவே இருக்கிறாளே! இன்று சாயந்திரமே வீட்டுக்காரர் கையில் போனைக் கொடுங்கள்.

அம்மாவுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமை அலைச்சல் பிடிக்கவில்லை. "பாடக்குறிப்பு எழுதாம எங்க போறே? நாளைக்கு மாமியார் வீட்டுல காமிராவைத் தூக்கிட்டுத் திரிய விடுவாங்களா?" என்பார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். தையல் மிஷினை மிதித்துப் பெண்ணைப் படிக்க வைத்தவர். நிலையான சம்பளம் என்றால் என்ன என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது. ஆனாலும், விட மாட்டார்கள் என்று நாமே முன்கூட்டித் தீர்மானித்துவிடுவது எந்த ஊர் நியாயம்?

அவள் அறைச் சுவரில் இரண்டு பேர் படம் ஒட்டியிருக்கிறாள். ஒருவர் ஹோமாய் வியாரவாலா. 1913-ல் குஜராத் நவ்சாரியில் பிறந்தவர்; இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். ஆரம்பத்தில் அவர் எடுத்த படங்கள் கணவரின் பெயரில்தான் அச்சாயின! பிறகு டில்லியில் புடவை கட்டிக்கொண்டு கனமான காமிராவைச் சுமந்து, சுதந்திரத்தையும் நேருவையும் படமெடுத்தார். 2011-ல் பத்மவிபூஷண் கிடைத்தது. மறு வருஷம் காலமானார். இன்னொருவர் அமெரிக்கர், லூயிஸ் ஹைன். நியூயார்க்கில் பள்ளி ஆசிரியராக இருந்து காமிரா பழகியவர். 1908-ல் ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு, பஞ்சாலைகளிலும் சுரங்கங்களிலும் வேலை செய்த குழந்தைகளைப் படமெடுக்கப் போனார். தன் கோட்டுப் பொத்தானை அளவாக வைத்துக் குழந்தையின் உயரத்தைக் கணக்கிட்டு, பைக்குள் கையை விட்டபடியே குறித்துக்கொள்வாராம். குழந்தைத் தொழிலுக்கு எதிராக அங்கே சட்டம் வர அந்தப் படங்களும் ஒரு காரணம்.

ஹைனைப் போலத் தானும் ஒரு படம் எடுத்துவிட்டதாகத்தான் போன மாதம் துள்ளிக்கொண்டு வந்தாள். நடந்தது இதுதான். 2022-ல் அரசுப் பள்ளிகளில் 1 முதல் 5 வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குக் காலை உணவுத் திட்டம் தொடங்கினார்கள் அல்லவா? அன்று பொங்கல். ஒன்றாம் வகுப்புச் சிறுமி தட்டோடு உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் அவள் அண்ணன், ஆறாம் வகுப்பு. அவனுக்குத் தட்டு இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில் தங்கையின் வாயைத் துடைத்துவிட்டு, அவள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருக்கிறான். தலைமை ஆசிரியையிடம் முன்பே கேட்டிருந்ததால் எடுத்தாள். நானும் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு போட்டோ போட்டிக்கு அனுப்பப் போவதாகச் சொன்னாள். அதற்கு முன் பிள்ளைகளின் அம்மாவிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போனாள்.

அந்த அம்மா நடவு வேலைக்குப் போகிறவர். படத்தை வெகு நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "டீச்சர், கோவிச்சுக்காதீங்க. நல்லாத்தான் இருக்கு. ஆனா எம்புள்ள பட்டினியா உக்காந்து பார்க்கிற மாதிரில்ல இருக்கு? காலையில பழையதும் வெங்காயமும் வயிறாரத் தின்னுட்டுத்தான் தங்கச்சியக் கூட்டிட்டு வர்றான். ஊரு என்ன நினைக்கும்?"

இவளுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்ததாம். படத்தில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அது சொல்கிற கதை பொய்! போட்டிக்கு அனுப்பவில்லை. பிரிண்டை அந்த அம்மாவிடமே கொடுத்துவிட்டு, போனிலும் கம்ப்யூட்டரிலும் இருந்ததை அழித்துவிட்டாள். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவள் அம்மா என்னிடம் வந்து சொன்னார். பரிசு கிடைத்திருந்தால் மகளுக்கு ஒரு வழி திறந்திருக்குமே என்ற வருத்தம் அந்தக் குரலில் இருந்தது. காமிராவைக் கரித்துக்கொட்டுகிற அதே அம்மாதான்!

"அனுப்பியிருந்தாலும் யாருக்கும் தெரியப்போறதில்லையே?" என்று நான் சும்மா கேட்டுப் பார்த்தேன். "மறுநாள் அந்தப் பையன் என் வகுப்புக்குப் பக்கத்து வகுப்புல உட்காருவானே அத்தை" என்றாள்.

பத்து நாள் கழித்து அந்த அம்மாவே பள்ளிக்கூட வாசலுக்கு வந்திருக்கிறார். நல்ல புடவை, தலையில் பூ. "எங்க மூணு பேரையும் சேர்த்து ஒண்ணு எடுங்க டீச்சர்" என்றாராம். பையன் படிய வாரிய தலையோடு சிப்பாய் மாதிரி விறைத்து நிற்கிறான். தங்கை கண்ணை மூடிவிட்டாள். மூன்று தடவை எடுத்தும் மூடிக்கொண்டே இருந்தாளாம். அதில் ஒன்றைப் பெரிய சைஸில் பிரிண்ட் போட்டு, சட்டம் மாட்டிக் கொடுத்திருக்கிறாள். சட்டத்துக்குக் காசு கொடுத்தது யார் என்கிறீர்கள்? மாடி வீட்டுத் தையல் மிஷின் அம்மாதான்.

அடுத்த மாதம் பி.எட். கமிஷன். வெளியிலிருந்து பேராசிரியர்கள் வந்து வகுப்பைப் பார்த்து, ரெக்கார்டு நோட்டுகளைப் புரட்டி மார்க் போடுவார்கள். இன்னும் நாலு சார்ட் பாக்கி. அதுவரைக்கும் புது ஆற்றங்கரைக்கு லீவு என்று சொல்லியிருக்கிறாள். ஆனால் வருகிற ஞாயிறு கரந்தையில் ஒரு வளைகாப்பு இருக்கிறது, முன்பணமும் வாங்கியாகிவிட்டது. சனிக்கிழமை ராத்திரி சார்ட்டுக்குப் பசை தடவ நானும் மாடிக்குப் போக வேண்டும்.