பரண்மேல் ஒரு பள்ளிக்கூடம்

உங்கள் வீட்டுப் பரண்மேல் பழைய டிரங்குப் பெட்டி ஒன்று இருக்கிறதா? இருந்தால், பண்டிகைக்குச் சுத்தம் செய்கிறேன் என்று அதன்மேல் கை வைப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

எங்கள் அத்தை படித்த பெண்கள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பழைய சீருடை, போட்டோ, பரிசுக் கோப்பை எது இருந்தாலும் கொடுங்கள், கண்காட்சி வைக்கப் போகிறோம் என்று எழுதியிருந்தார்கள். அத்தைக்கு ஒரே குதூகலம். "என் பச்சைப் பாவாடையும் வெள்ளைத் தாவணியும் இருக்குமே, தேடுடி!" என்றாள். எங்கே தேடுவது? என்றோ ஒரு நாள் அவை பாத்திரக்காரியின் மூட்டைக்குப் போய், இரண்டு எவர்சில்வர் டம்ளர்களாகத் திரும்பி வந்துவிட்டன. போட்ட புண்ணியவதி வேறு யாருமில்லை, நான்தான்!

மிஞ்சியது 1953-ல் எடுத்த வகுப்புப் போட்டோ மட்டும். மூன்று வரிசையில் 23 பெண்கள். திருப்பிப் பார்த்தேன், ஒரு பெயர்கூட எழுதவில்லை. 88 வயது அத்தை மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு முகமாக விரல் வைத்துச் சொன்னாள். "இவள் கணக்கிலே புலி. இவள் பாடினால் டீச்சரே தாளம் போடுவாள்." 22 பெயர்கள் வந்துவிட்டன. நடுவரிசைக் கடைசிப் பெண்ணிடம் விரல் நின்றுவிட்டது.

"பரீட்சைக்கு முன்னாலேயே கல்யாணம் பண்ணி அனுப்பிவிட்டார்கள். போகிற அன்று தன் ஜாமெட்ரி பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டு அழுதாள். பேர்தான்... வரமாட்டேன் என்கிறதே!"

அன்று இரவு அத்தை சரியாகச் சாப்பிடவில்லை. பத்து வருஷத்துக்கு முன்பு நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

பள்ளிக்கூடத்தின் சரித்திரம் கட்டடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறோம். சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்துவைக்க 1842-ல் கட்டியது. இன்று அது விவேகானந்தர் இல்லம். நடுவிலே ஒரு காலத்தில், 1911-ல் பி.ஏ. தேறிய சகோதரி சுப்புலட்சுமி, தம்மைப் போலவே சிறு வயதில் கணவனை இழந்த பெண்களை அங்கே தங்கவைத்துப் படிக்க வைத்தார். வீட்டு மூலையில் முடங்கியிருக்க வேண்டியவர்களில் பலர் ஆசிரியைகளாக வெளியே வந்தார்கள். அந்தச் சுவர்கள் அவர்களுடைய முகத்தைக் காட்டுமா? போட்டோவும் நோட்டுப் புத்தகமும் யார் வீட்டுப் பெட்டியிலாவது பிழைத்திருந்தால்தான் உண்டு.

ஆகவே, சகோதரிகளே, உங்கள் பெட்டியை இறக்குங்கள். சீருடை கிடைத்தால், சாயம் போகிறதா என்று ஓரத்தில் ஈரப் பஞ்சை ஒற்றிப் பார்த்துவிட்டு, மெதுவாக அலசி நிழலில் உலர்த்துங்கள். கஞ்சி மட்டும் வேண்டாம். அது பூச்சிகளுக்கு விருந்து. பாட்ஜ், ஊக்கு இவற்றைக் கழற்றித் தனியே வையுங்கள். துருப்பிடித்தால் துணி ஓட்டையாகும். செய்தித்தாளில் சுற்றாமல், துவைத்த வெள்ளை வேட்டித் துணியில் சுற்றுங்கள். அந்துருண்டை துணியைத் தொடக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை மடிப்பை மாற்றுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் அங்கேயே இற்றுப்போகும்.

போட்டோவை மைதாப் பசையால் ஒட்டாதீர்கள். கிழிசலுக்கு செலோடேப் போடாதீர்கள். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்கப் போனால் முகம் கண்ணாடியோடு போய்விடும். அப்படியே செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். மறுபடி பரணுக்கு அனுப்பவேண்டாம். வெயில் காலத்தில் பரண் ஓர் அடுப்பு! ஈரம் படாத பீரோவின் நடுத்தட்டே உத்தமம்.

எல்லாவற்றையும்விட முக்கியம் பெயர்கள். வரிசைப்படி ஒரு தாளில் எழுதிப் படத்தோடு வையுங்கள். படத்தின் பின்பக்க ஓரத்தில் வருஷத்தையும் பள்ளியின் பெயரையும் பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறிவிடும். பள்ளிக்கூடம் கேட்டால் தாராளமாகக் கொடுங்கள்; ஒரு பிரதி எடுத்துக்கொண்டு கொடுங்கள்.

எங்கள் போட்டோ கண்காட்சிக்குப் போயிற்று. கீழே 22 பெயர்கள், ஒரு கோடு. "யாராவது பார்த்துச் சொல்லமாட்டார்களா?" என்று அத்தைதான் கோடு போடச் சொன்னாள். அது இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

உங்கள் வீட்டில் பாட்டியோ அத்தையோ இருக்கிறார்களா? இன்றைக்குச் சாயங்காலமே போட்டோவையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு அவர்கள் பக்கத்தில் போய் உட்காருங்கள்.